கடுக்காய்

இரவு இரண்டு பதினேழுக்குப் பேரம் முடிந்திருக்கிறது.
பேரணாம்பட்டில் அந்நேரம்
எங்கள் தொழிற்சாலை நாய்கூட விழித்திருக்காது.
ஆலங்காயத்து மண்டியில்
தீர்த்தகிரி குறட்டை விட்டிருப்பார்.
பேசியவை இரண்டு நிரல்கள்.
ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது.
ஐந்து டன் கடுக்காய்,
கிலோ நாற்பத்தொன்று எழுபது.

காலை டீயோடு படிக்கிறேன்,
மூடிய அறையில் யாரோ பேசியதைக்
கதவில் காது வைத்துக் கேட்பதுபோல.

முப்பத்தெட்டு.
நாற்பத்தாறு.
முப்பத்தொன்பது, பணம் ஏழே நாளில்.
நாற்பத்துநான்கு, மலையில் மழை.
உங்கள் கிடங்கில் எத்தனை நாளுக்குச் சரக்கு இருக்கிறது?

இங்கே என் விரல் நின்றது.

மூன்று நாளுக்குத்தான் இருந்தது.
நானாயிருந்தால் மூன்று மாதத்துக்கு என்றிருப்பேன்,
குரலில் ஒரு கொட்டாவியையும் சேர்த்து.
என்னுடையது சொல்லியிருக்கிறது:
"அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை."

பொய் சொல்லாதே என்று அதற்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான்,
போன சித்திரையில், கரண்ட் போன ஒரு மதியத்தில்,
கொஞ்சம் பெருமையாகவே.
இவ்வளவு கறாராக எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.
அந்த ஒரு வரிக்குப் பிறகு
அந்தப் பக்கம் விலையை இறக்கவே மனமில்லை.
கிலோவுக்கு இரண்டு ரூபாய் போயிருக்கும்.
பத்தாயிரம், என் நேர்மைக்கு.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில்
விரல் பிடித்து விலை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.
எதிராளியின் கை வியர்க்கிறதா என்று
பிடித்த கைக்குத் தெரியும்.
இவற்றுக்கு வியர்வையில்லை.
அதனால் முதலில் இருபது கிலோவுக்குத்தான் விட்டேன்.
பிறகு ஐம்பது.
நடுவில் ஒருமுறை மலையில் விலை திடீரென்று ஏறியும்
ஒப்புக்கொண்ட தொகைக்கே அவருடையது அனுப்பியது.
பிறகு ஒரு டன்.
பிறகு நான் தூங்க ஆரம்பித்தேன்.

கடைசி வரிக்கு வருகிறேன்.
யாரும் கேட்காமல் அவருடையது சொல்லியிருக்கிறது:
"போன லோடு நான்கு டன்.
ஏற்றும்போது ஈரப்பதம் பதினாறு. ஒப்பந்தம் பன்னிரண்டு.
நூற்று எண்பத்திரண்டு கிலோவுக்கான பணம்
இந்த பில்லில் கழிக்கப்படுகிறது."

தண்ணீர் தெளித்திருக்கிறார்.
கடுக்காய் விற்கிற மனிதர்
எனக்கே கடுக்காய் கொடுத்திருக்கிறார்,
அதை அவர் வீட்டு நிரலே காட்டிக்கொடுத்திருக்கிறது.

போன் போட்டேன்.
பின்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
நெடுநேரம் அது மட்டும்தான்.
"அதை யாரு மேடம் சொல்லச் சொன்னது?"
"நீங்கதானே கணக்கைத் திறந்து வெச்சீங்க."
"கணக்கைத்தான் திறந்தேன். வாயையா திறந்தேன்?"

பிறகு, தாழ்ந்த குரலில்:
"வேணாம் மேடம். இதை நிறுத்திட்டு
பழையபடி நாமளே பேசிக்கலாம்."

"நிறுத்தினா உங்ககிட்ட வாங்கமாட்டேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது,
என்ன சொன்னேன் என்று.
பதினோரு வருஷமாகத் தெரிந்த மனிதர்.
என் தங்கை நிக்காஹ்வுக்கு
ஒரு மூட்டை சாமை கொண்டுவந்தவர்.

லாரி நின்றுவிட்டது.
அவர் செருமினார்.
"சரி ஜுலைகா மேடம், அதுகிட்ட சொல்லலை, என்கிட்ட சொல்லுங்க.
நிஜமா எத்தனை நாள் சரக்கு இருந்துச்சு?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை."

அவர் சிரித்தாரா, வைத்துவிட்டாரா,
ஆலங்காயத்துச் சிக்னலில் எதுவும் விளங்கவில்லை.

கழித்த பணம் ஏழாயிரத்துச் சொச்சம்.
கணக்குப் பார்த்தால் இன்னும் எனக்கு நஷ்டம்தான்.
ஆனாலும் நிரலின் வரம்பை
ஐந்திலிருந்து எட்டு டன்னுக்கு ஏற்றினேன்.

மாலை நான்கு மணிக்கு லோடு வந்தது.
ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொல்லி
முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
அடியில் இருந்த இன்னொன்றையும்
பிரிக்கச் சொன்னேன்.